கீறலை வாசிப்பவர்கள்: முசிறியிலிருந்து ஒரு சிகிச்சையாளரைத் தேடுவது பற்றி

எங்கள் பக்கத்தில் ஒருவனைக் கேலி செய்ய வேண்டுமென்றால் 'இவனைக் குணசீலத்துக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா' என்பார்கள். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, தெற்கத்திக்காரர்களுக்கு ஏர்வாடி எப்படியோ, அப்படி முசிறி, தொட்டியம், தாத்தையங்கார்பேட்டை வட்டாரத்துக்குக் குணசீலம். ஓர் ஊர்ப்பெயர் வசைச்சொல்லாக மாறும்போது அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. மனநோய் என்பது வேறெங்கோ, காவிரிக் கரையோரமாக பஸ் ஏறிப் போனால் வரும் ஓரிடத்தில் இருக்கிறது என்று நம்மை ஆறுதல்படுத்துகிறது. கூடவே, நம் வீட்டு அடுப்படியில் நடந்துகொண்டிருப்பது அதுவல்ல என்றும் சொல்லிவிடுகிறது.

இந்தக் கட்டுரை அடுப்படியில் நடப்பது பற்றியது. தாங்க முடியாத ஒரு பொழுதில் தன் உடம்பைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் ஒருவர், அதைப் பற்றிப் பேச ஓர் ஆளை முசிறியிலிருந்து எப்படித் தேடுவது, கிடைத்த ஆள் சரியான ஆள்தானா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்பது பற்றியது. கோட்பாட்டு விவாதங்களுக்குப் பழகிய வாசகருக்கு இது வாரப் பத்திரிகையின் 'டாக்டரைக் கேளுங்கள்' பகுதி மாதிரித் தோன்றலாம். தோன்றட்டும். சில வருஷங்களாக நாலு பேருக்குத் துணையாகத் திருச்சி போய்த் திரும்பியவன் நான். அந்த அலைச்சலில் விளங்கிய சிலவற்றைக் கோட்பாட்டின் உதவியோடும், சில இடங்களில் கோட்பாட்டோடு சண்டை போட்டும் எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் காயத்தைப் பற்றி. தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும் சாக நினைப்பதும் ஒன்றல்ல. காயப்படுத்திக்கொள்கிற பலர் அந்த நேரத்தில் சாக விரும்புவதில்லை. அந்த நேரத்தைக் கடக்க விரும்புகிறார்கள். அவமானமோ, கோபமோ, இரண்டும் வற்றிப் போனபின் வரும் மரத்துப்போன தன்மையோ, சொல்லாக மாறாமல் உள்ளே ஏறிக்கொண்டே போகிறது. உடம்பில் ஒரு வலி உண்டானதும் அது கொஞ்சம் இறங்குகிறது. அந்தச் சில நிமிஷ ஆசுவாசம்தான் அடுத்த தடவையையும் கூட்டி வருகிறது. பிறகு வெட்கம். வெட்கத்தை மறைக்கிற வேலை. மறைப்பதால் வரும் தனிமை. தனிமையில் மறுபடியும் அதே ஏற்றம். 'நடிக்கிறா', 'எல்லாரும் பாக்கணும்னு பண்றா' என்று வீட்டில் சொல்வார்கள். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டுக்கொள்கிறவள் யாரைப் பார்க்க வைக்கிறாள்? ஆண்களிடமும் இது உண்டு. குடியும் சண்டையும் அதற்கு வேறு பெயர் கொடுத்துவிடுவதால் கணக்கில் வருவதில்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் அர்மாண்டோ ஃபவாஸா 1987-ல் எழுதிய ஒரு புத்தகத்தில் உலகம் முழுக்கச் சடங்குகளில் மனிதர்கள் தம் உடம்பைக் காயப்படுத்திக்கொள்வதையும், நோயாளிகள் என்று அழைக்கப்படுகிறவர்கள் செய்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நோயாளியின் செயலும் ஒருவகைச் சுயவைத்தியம்தான், கோணலான சுயவைத்தியம், என்பது அவர் வாதம். நமக்கு இது புதிதில்லை. பங்குனியில் அலகு குத்தி வருகிறவருக்கு முன்னால் மேளம் போகிறது, பின்னால் ஊர் வருகிறது. நடக்கும் பாதையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அந்த வலிக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. ஆரம்பமும் முடிவும் இருக்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்கக் கைகள் இருக்கின்றன. அடுப்படியில் இருப்பவளின் வலிக்கு மேளம் இல்லை. அவளுக்குச் சிகிச்சை தேடுவது என்பதன் முதல் அர்த்தம், அந்த வலியைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஜோடிக் கைகளைத் தேடுவது.

இரண்டும் ஒன்றல்ல என்றேன். தொடர்பே இல்லை என்று சொல்லவில்லை. தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் வருஷக்கணக்காக மரணங்களைப் பின்தொடர்ந்து, 2004-ல் லான்செட் இதழில் வெளியிட்ட கணக்கில், 10 முதல் 19 வயதுப் பெண்களில் லட்சத்துக்கு 148 பேர் தற்கொலையில் இறந்திருந்தார்கள்; ஆண்களில் 58 பேர். அந்த வயதில் ஆணைவிடப் பெண் இரண்டரை மடங்கு. இந்த எண்ணைப் படித்தபிறகு 'வயசுக் கோளாறு, சரியாயிடும்' என்ற வாக்கியத்தை என்னால் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை.

*

ஒரு கீறல் பிரதி என்றால் அதை வாசிக்க நம் ஊரில் ஏற்கனவே பல வாசகர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் தம் மொழியில் வாசிக்கிறார்கள்.

கோயிலின் வாசிப்பு பழையது. குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி சந்நிதியில் ஒரு மண்டலம், 48 நாள், தங்க வைப்பார்கள். உச்சிக்காலத்திலும் அர்த்தஜாமத்திலும் தீர்த்தத்தை முகத்தில் தெளிப்பார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது பகுத்தறிவு மரபில் வந்தவர்களுக்கு எளிது. ஆனால் 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரகுராமும் அவர் சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. தமிழ்நாட்டில் உள்ள முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளை அவர்கள் பார்த்தார்கள். மருந்து இல்லை, தனிச் சடங்கு என்று பெரிதாக எதுவும் இல்லை. குடும்பத்தில் ஒருவர் கூட இருக்கிறார், கோயில் வேலை கொஞ்சம், வைவதற்கு ஆள் இல்லை. சராசரி ஆறு வாரத்தில் நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே வேலை செய்தது சாமியா, வையாமல் இருந்த மனிதர்களா என்பதை அவரவர் முடிவுக்கு விடலாம். இதன் மறுபக்கம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதன்பிறகுதான் உச்சநீதிமன்றம் தானாகத் தலையிட்டது. வழிபாட்டுத் தலங்களை ஒட்டிய காப்பகங்களுக்கு உரிமம் பற்றிய பேச்சு வந்தது. குணசீலத்தில் இன்று கோயிலை ஒட்டி உரிமம் பெற்ற மனநலக் காப்பகம் இருக்கிறது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது.

ஆனாலும் நான் பேசுகிற பெண்ணுக்குக் குணசீலம் விடை இல்லை. அவளுக்கு 'புத்தி பிசகி'விடவில்லை. தனக்கு நடப்பது என்னவென்று நம்மைவிடத் தெளிவாக அவளுக்குத் தெரியும். அவளை 48 நாள் கல்லூரியிலிருந்து நிறுத்தி அங்கே உட்கார வைப்பது, அவள் சொல்ல வந்ததற்கு 'பைத்தியம்' என்று பதில் எழுதி ஒட்டுவதாகிவிடும்.

சட்டத்தின் வாசிப்பு அடுத்தது. 1860-ம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது. 1994-ல் ரத்தினம் வழக்கில் உச்சநீதிமன்றம் அது செல்லாது என்றது. 1996-ல் கியான் கவுர் வழக்கில் பெரிய அமர்வு அதற்குத் திரும்ப உயிர் கொடுத்தது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றது. 2018 மே 29 முதல் அது அமலில் இருக்கிறது. 2024 ஜூலை 1-ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இல்லை. ஆனால் 226 என்று ஒன்று இருக்கிறது: அரசு ஊழியரைத் தன் கடமையைச் செய்யவிடாமல் நிர்ப்பந்திக்கத் தற்கொலைக்கு முயன்றால் குற்றம். இரோம் ஷர்மிளாவை 2000-லிருந்து 2016 வரை 309-ன் கீழ் மாறி மாறிக் கைது செய்து மூக்கு வழியாக உணவு செலுத்தியதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, பழைய பிரிவில் எது போயிற்று, எது தங்கிற்று என்று புரியும். வீட்டுக்குள் வலிப்பவரை மன்னித்த அரசு, தன் வாசலில் வந்து வலிப்பவரை மன்னிக்கத் தயாரில்லை. இது தனியே எழுத வேண்டிய விஷயம். இங்கே தேவையானது இவ்வளவுதான்: 'போலீஸ் கேஸ் ஆயிடும்' என்ற பயத்தில் காயத்தோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. இறக்கும் எண்ணமே இல்லாத காயத்துக்கு அந்தப் பழைய பிரிவுகூட ஒருகாலத்திலும் பொருந்தியதில்லை.

கடைசியாக நம்முடைய வாசிப்பு, அதாவது எழுதுகிறவர்களும் இயக்கக்காரர்களும் செய்கிற வாசிப்பு. இதைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுகிறேன். எழுத்துக்காரர்களிடம் ஒரு கதையாடல் உண்டு: காயம்தான் கவிதையின் ஊற்று, சிகிச்சை அதைத் தூர்த்துவிடும். 'ழ' இதழை நடத்திய ஆத்மாநாம் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தவர். 1984-ல் இறந்தபோது அவருக்கு வயது 33. அந்த மரணத்தைச் சுற்றி நம்மிடையே வளர்ந்திருக்கும் ஒருவித ஒளிவட்டம் அவர் கவிதைகளுக்கு எதையும் சேர்க்கவில்லை. அவர் எழுதியது நோயால் அல்ல, நோய் விட்டுவைத்த நாட்களில். இன்னும் எழுதியிருக்க வேண்டியவற்றை யாரும் கணக்கெடுப்பதில்லை.

இயக்கக்காரர்களின் கதையாடல் வேறு. 'தனிமனித மனம் என்று ஒன்றைப் பிரித்துப் பேசுவதே முதலாளிய ஏற்பாடு. சாதியும் ஆணாதிக்கமும்தான் நோய். மருத்துவர் என்பவர் சீருடையில்லாத போலீஸ்.' இதற்கு ஃபூக்கோவைத் துணைக்கு அழைப்பார்கள். பைத்தியத்தின் வரலாறு பற்றிய அவரது 1961-ம் வருஷத்துப் புத்தகமும், வாக்குமூலம் வாங்குவதே அதிகாரத்தின் நுட்பம் என்று அவர் 1976-ல் எழுதியதும் பொய்யில்லை. ஆனால் அதே 1961-ல் வெளிவந்த இன்னொரு புத்தகத்தையும் திறந்து பார்க்க வேண்டும். காலனியமே மனிதனைச் சிதைக்கும் நோய் என்று ஃபனான் அளவுக்கு உரக்கச் சொன்னவர் யார்? அவர் அல்ஜீரியாவின் ப்ளிதா மருத்துவமனையில் 1953 முதல் மனநல மருத்துவராக இருந்தார். 1956-ல் பதவியை உதறினார். உதறிவிட்டு வைத்தியத்தை விட்டாரா? துனிஸில் போய்ப் பகல்நேர மனநல மருத்துவமனை நடத்தினார். அவருடைய கடைசிப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் முழுக்க நோயாளிகளின் குறிப்புகள்தான்: தூங்க முடியாதவன், சாப்பிட முடியாதவன், சித்திரவதைக்கு ஆளானவன், சித்திரவதை செய்த போலீஸ்காரன்கூட. வன்முறை பற்றிய முதல் அத்தியாயத்தை மேடைகளில் எடுத்துப் பேசுகிறவர்கள் அதைப் புரட்டாமல் விட்டுவிடுகிறார்கள். காரணம் சமூகத்தில் இருக்கிறது என்று சொன்னவர், இன்றிரவு தூங்க முடியாதவனை நாளை காலை பார்க்கப் போனார். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று அவருக்குத் தோன்றவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) இயக்கத் தோழர் ஒருவர் சொன்னது: 'இது உன் பிரச்சினை இல்லம்மா, சமூகத்தோட பிரச்சினை.' அவள் என்னிடம் கேட்டாள்: 'சரிங்கண்ணா, சமூகம் மாறுற வரைக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல நான் என்னங்க பண்றது?'

*

அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் சில விஷயங்கள் தெரியவருகின்றன.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷா லைனஹன் என்ற உளவியலாளர் இப்படித் தம்மைக் காயப்படுத்திக்கொள்கிறவர்களுக்காகவே ஒரு சிகிச்சைமுறையை உருவாக்கினார். 1991-ல் அதன் முதல் சோதனை முடிவு வந்தது. 1993-ல் புத்தகம் வந்தது. அதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் இயங்கியல் நடத்தைச் சிகிச்சை. இயங்கியல் என்ற சொல்லைக் கட்சி வகுப்பில் மட்டும் கேட்டவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அவர் அந்தச் சொல்லைத் தெரிந்தேதான் எடுத்தார். 'நீ இருக்கிற நிலைமையில் நீ செய்ததற்கு அர்த்தம் இருக்கிறது' என்று ஏற்பது ஒரு முனை. 'ஆனால் இது மாற வேண்டும்' என்பது மறுமுனை. முதலாவதை மட்டும் சொன்னால் அவள் அங்கேயே தங்கிவிடுவாள். இரண்டாவதை மட்டும் சொன்னால் எழுந்து போய்விடுவாள். இரண்டையும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டிருப்பதுதான் சிகிச்சை. 2011-ல் லைனஹன் வெளிப்படையாகச் சொன்னார்: பதின்வயதில் தானே அப்படிக் காயப்படுத்திக்கொண்டவள், ஹார்ட்ஃபோர்டில் ஒரு மனநல விடுதியில் இரண்டு வருஷத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்தவள் என்று. அவருக்கு அப்போது 68 வயது. அறிவுத்துறையின் மேல் அடுக்கில் இருக்கும் ஒருவருக்கே அதைச் சொல்ல அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

இந்த முறையில் உட்கார்ந்து செய்யும் வேலை மிகச் சாதாரணமாகத் தோன்றும். ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு அதன் சங்கிலியைப் பின்னோக்கிப் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் என்ன நடந்தது? யார் என்ன சொன்னார்கள்? அன்று சாப்பிட்டாயா, தூங்கினாயா? உடம்பில் எங்கே முதலில் தெரிந்தது? எந்தக் கண்ணியில் வேறு மாதிரிப் போயிருக்க முடியும்? அலை ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது, அந்த நேரத்தைக் கடக்க உடம்புக்கு என்ன செய்யலாம், யாரைக் கூப்பிடலாம் என்பதெல்லாம் பயிற்சியாகவே சொல்லித் தரப்படுகிறது. 'ஏன் இப்படிப் பண்ணே?' என்ற கேள்வி இங்கே இல்லை. அது போலீஸும் அப்பாவும் கேட்கிற கேள்வி. 'எப்படி நடந்தது?' என்பதுதான் கேள்வி.

இதை முறைப்படி முழுதாகச் செய்கிறவர்கள் பெருநகரங்களிலேயே குறைவு. எங்கள் பக்கம் தேடினால் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த அணுகுமுறையின் சாரம் தெரிந்த ஆள் கிடைப்பார். அவரைக் கண்டுபிடிக்க முதலில் யார் யார் என்ன என்று பிரித்துக்கொள்ள வேண்டும். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்புப் படித்தவர், மருந்து எழுதுகிறவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுதமாட்டார். பேச்சுவழிச் சிகிச்சைதான் அவர் வேலை. 1992-ன் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். எண்ணைக் கேட்கலாம், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. மனநலத்தில் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் உண்டு. சில சமயம் அவர்கள்தான் மிக நன்றாகக் கேட்கிறவர்கள். 'கவுன்சலர்' என்ற சொல் மட்டும் நடைமுறையில் யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளக்கூடிய பலகை. அதில் அருமையானவர்களும் உண்டு, இரண்டு வாரக் கோர்ஸ்காரர்களும் உண்டு, ஜோசியத்துக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு.

நான் மேலே சொன்ன பெண்ணை அவள் வீட்டார் முதலில் கூட்டிப் போனது அப்படி ஒரு பலகையிடம்தான். ஊர், பெயர் சொல்ல வேண்டியதில்லை. அவள் காதலித்த பையன் வேறு சாதி. அது தெரிந்ததும் அந்த மனிதர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, 'அப்பா அம்மா மனசை நோகடிச்சு எந்தப் பொண்ணும் நல்லா இருந்ததில்ல பாப்பா' என்று ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம். அவள் அவரிடம் தனியாகச் சொன்ன இரண்டு விஷயங்கள் அன்று சாயந்தரமே அவள் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டன. அந்த வாரம் அவள் கை பழையபடி ஆயிற்று. ஃபூக்கோ சொன்ன வாக்குமூல அறை இதுதான், சந்தேகமில்லை. ஆனால் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது 'சிகிச்சையாளரே வேண்டாம்' என்ற முடிவை அல்ல. அந்த விமர்சனத்தை முதல் சந்திப்பில் கேட்க வேண்டிய கேள்விகளாக மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான்.

'நான் சொல்றது யாருக்குத் தெரியும்?' இதுதான் முதல் கேள்வி. ரகசியம் காப்பது 2017 சட்டத்தின் 23-வது பிரிவின்படி சிகிச்சை பெறுகிறவரின் உரிமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில சந்தர்ப்பங்களில்தான் விலக்கு. நல்ல சிகிச்சையாளர் அந்த விலக்குகளை முதல் நாளே, கேட்காமலே சொல்லிவிடுவார். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்கு இடம் உண்டு; அப்போதும் என்னென்ன போய்ச் சேரும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். இரண்டாவது: 'இந்த மாதிரி கையைக் காயப்படுத்திக்கிறவங்களோட வேலை செஞ்சிருக்கீங்களா?' இந்தக் கேள்விக்கு அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். பதறுகிறவரும் வேண்டாம், பாடம் நடத்துகிறவரும் வேண்டாம். 'இனிமே பண்ண மாட்டேன்னு சத்தியம் பண்ணு, அப்பதான் அடுத்த தடவை பார்ப்பேன்' என்று சொல்கிறவர் நிச்சயமாக வேண்டாம். அவள் அதைக் காப்பாற்ற முடியாமல் போகும் முதல் நாளில், போவதற்கிருந்த ஒரே கதவையும் தானே சாத்திக்கொள்வாள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கிறவர் நல்லவர். கேட்டால் அந்த எண்ணத்தைக் கிளப்பிவிடும் என்பது தவறான பயம். கேட்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் அது ஒரு நிம்மதி.

சாதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?' என்ற கேள்வி நம் ஊரில் எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். சிகிச்சை அறையில் அது வந்தால் தலித் பெண் தன் வாழ்க்கையில் பாதியைச் சொல்லாமலே மூடிவிடுவாள். விடுதியில் நடந்ததைச் சொன்னால் 'நீதான் அதை அப்படி எடுத்துக்கிட்டே' என்று பதில் வந்தால், எழுந்து வந்துவிடலாம். சிகிச்சையாளரை மாற்றுவது குற்றமில்லை. பல்வலிக்கு டாக்டரை மாற்றுகிறோம்.

மொழியும் உண்டு. இந்தத் துறையின் படிப்பு முழுக்க ஆங்கிலத்தில். எங்கள் ஊரில் ஒருத்தி 'நெஞ்சு அடைக்குது', 'மனசு பாரமா இருக்கு', 'ரொம்ப யோசனையா வருது' என்பாள். இதை உடனே ஒரு நோய்ப்பெயராக மொழிபெயர்த்துவிடாமல், 'யோசனை எப்படி வரும், எங்கிருந்து ஆரம்பிக்கும்?' என்று அவள் சொல்லிலேயே மேலே போகிறவர் பிழைப்பார், அவளும் பிழைப்பாள். ஜிம்பாப்வேயில் ஷோனா மொழியில் மனச்சோர்வுக்குப் பக்கத்தில் வரும் சொல் 'குஃபுங்கிசிசா'; பொருள், அளவுக்கு மீறி யோசிப்பது. அச்சு அசல் நம் ஊர்ச் சொல். அந்த நாட்டில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-லிருந்து ஊர்ப்பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரி வளாகத்தில் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து கேட்க வைத்தார். 2016-ல் வந்த ஆய்வு அது பலன் தருவதைக் காட்டியது. கோவாவில் விக்ரம் பட்டேலும் சகாக்களும் மனநலத் துறைப் பட்டம் இல்லாத ஆட்களை வைத்து இதைப் போன்ற வேலையைச் செய்திருக்கிறார்கள். ஆகவே பட்டம்தான் எல்லாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாட்டிகளுக்குப் பயிற்சி இருந்தது, சந்தேகம் வந்தால் கேட்க மேலே ஓர் ஆள் இருந்தார். கவுன்சலர் பலகைக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் அங்கேதான்.

*

இனி வழி. இந்தியாவில் மாவட்ட மனநலத் திட்டம் பெல்லாரியில் செய்து பார்த்த முன்மாதிரியை வைத்து 1996-97-ல் முதலில் நான்கே மாவட்டங்களில் தொடங்கியது: மேடக், நாகாவ், சீகர், நான்காவது நம் திருச்சிராப்பள்ளி. தமிழ்ச் சிறுபத்திரிகைகள் ஃபூக்கோவை விவாதித்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில் இது நடந்திருக்கிறது. நான் தேடிப் படித்த பழைய இதழ்களில் ஒரு வரிகூட இல்லை. இன்று அத்திட்டம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் உண்டு. அதன் ஏற்பாட்டின்படி மனநலக் குழு தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வர வேண்டும். முசிறி அரசு மருத்துவமனையில் சீட்டுப் போடுகிற இடத்தில் கேட்டால் நாளைச் சொல்வார்கள். கூட்டம் அதிகம். முதல் நாள் மூன்று நிமிஷமும் ஒரு மாத்திரைச் சீட்டும்தான் கிடைக்கலாம். மாத்திரையை வெறுக்க வேண்டியதில்லை. மனச்சோர்வோ பதற்றமோ கூடவே இருந்தால், தூக்கமே இல்லாவிட்டால், அது உதவும். ஆனால் மாத்திரை காயத்தின் சங்கிலியைக் கேட்காது. 'பேசுறதுக்கு சைக்காலஜிஸ்ட் யாருங்க இருக்காங்க?' என்று அந்த மூன்று நிமிஷத்துக்குள் கேட்டுவிட வேண்டும். கேட்காவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள்.

2015-16-ல் நிமான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோய்க்கு நோய் மாறினாலும், சிகிச்சை தேவைப்படுகிறவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்கு அது கிடைக்கவில்லை என்றது. தனியாரிடம் போனால் ஒரு சந்திப்புக்கு 800 ரூபாய் கேட்டார்கள். வாரம் ஒருமுறை, மூன்று நான்கு மாதம் என்று கணக்குப் போட்டால், முசிறியில் கோரைப்பாய் நெய்து கூலி வாங்கும் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவே முடியாது. குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், சிலர் குறைக்கிறார்கள். இதை ஓர் உரிமைக் கோரிக்கையாக எழுப்ப சட்டமே இடம் தருகிறது: 18-வது பிரிவு, அரசு செலவில் கட்டுப்படியாகிற, எட்டுகிற தூரத்தில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. ரேஷனுக்கும் ரோட்டுக்கும் மனு கொடுக்கிற இயக்கங்கள், தாலுகா ஆஸ்பத்திரிக்கு ஒரு முழுநேர சைக்காலஜிஸ்ட் வேண்டும் என்று மனு கொடுத்து நான் பார்த்ததில்லை.

உடனடி என்றால் காத்திருக்கக் கூடாது. சாகத் தோன்றினாலோ காயம் பெரிதானாலோ பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும், 108-ஐக் கூப்பிடலாம். ராத்திரி ஒன்பது மணிக்குப் பேச ஆள் வேண்டுமென்றால் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. 104-லும் பேசலாம். சென்னையில் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய சிநேகாவின் எண் 044-24640050. அவரும் சகாக்களும் காட்டுமன்னார்கோயில் பக்கம் இரண்டு கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவில் பூட்டுப் பெட்டிகளில் வைக்க ஏற்பாடு செய்து பார்த்தார்கள்; 2013-ல் வெளியான அந்த ஆய்வு, மரணங்கள் குறைந்ததைச் சொல்கிறது. வாழையும் வெற்றிலையும் போடுகிற நம் பக்கத்து வீடுகளுக்கு இது கோட்பாடு அல்ல, இன்றே செய்யக்கூடியது.

உங்களிடம் ஒருவர் சட்டைக்கையை மடித்துக் காட்டினால், அதிர்ச்சியை முகத்தில் காட்டாமல் உட்காருங்கள். காயத்துக்கு மருந்து வேண்டுமா என்று பாருங்கள். சாகணும்னு தோணுதா என்று கேளுங்கள். சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள். புத்தகம் எதையும் சிபாரிசு செய்யாதீர்கள், இந்தக் கட்டுரை உட்பட. 'நான் கூட வரேன்' என்று சொல்லுங்கள், நாளையும் குறித்துவிடுங்கள். முசிறியிலிருந்து திருச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போவதானால் சத்திரத்தில் இறங்கி புத்தூருக்கு டவுன் பஸ் மாற வேண்டும். புறநோயாளிச் சீட்டு காலையில்தான் போடுவார்கள். ஆறு மணிக்குள் பஸ் ஏறிவிட்டால் நல்லது, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு.